எதுவரைக்கும் வந்தது?

புதிதாக ஓர் இயங்குதளம் போட்ட லப்டொப் மறுநாள் திறக்கவில்லை என்று யாராவது எங்கள் அறைக் கதவைத் தட்டினால், "என்ன செய்தனீங்கள்?" என்று நாங்கள் கேட்பதில்லை. "எதுவரைக்கும் வந்தது?" என்றுதான் கேட்கிறோம். கம்பனியின் சின்னம் தெரிந்ததா? அதற்குப் பிறகு எழுத்து ஏதும் வந்ததா? கறுப்புத் திரை என்றால் முழுக் கறுப்பா, இல்லை மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுங்கிக்கொண்டு நின்றதா? பெரும்பாலும் கிடைக்கிற பதில், "தெரியாது அக்கா, செத்துப்போச்சு" என்பதுதான். இதுவரை எங்களிடம் வந்தவற்றில் உண்மையாகச் செத்தது ஒன்றுதான். அதுவும் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது.

நாங்கள் கலைப்பீடம். ஒரே போர்டிங்கில் நாலு பேர். ஒருத்தி புவியியல், ஒருத்தி தமிழ், இரண்டு பேர் வரலாறு. கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் எங்களில் இல்லை. ஆனாலும் லப்டொப்புகள் எங்களைத் தேடி வரத் தொடங்கியதற்கு ஒரு திகதி காரணம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கு வழமையாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பதிவு செய்தால் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வின்டோஸ் 11க்குப் போகவேணும். அதற்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும். எங்களைச் சுற்றி இருக்கிற லப்டொப்புகள் அண்ணா பாவித்து, அக்கா பாவித்து, மூன்றாவது கையாக எங்களிடம் வந்தவை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதே, அதற்குப் பிறகு புது லப்டொப் என்ற கதையை வீட்டில் எடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதனால்தான் லினக்ஸ். குறிப்பாக லினக்ஸ் மின்ட். 2 ஜீபி றாமிலும் ஓடும், 4 ஜீபி இருந்தால் வசதியாக ஓடும். காசும் இல்லை, கள்ளக் கொப்பியும் இல்லை. போடுவதற்கு அரை மணித்தியாலம் காணும். சிக்கல் வந்தால் அது போட்டு முடித்து, பென்ட்ரைவைக் கழற்றி, ரீஸ்டார்ட் கொடுத்த பிறகுதான் வரும்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டிஸ்க்கில் இருக்கிற நிரலை வாசித்தால்தான் கணினி இயங்கும். ஆனால் டிஸ்க்கை வாசிப்பதற்கே ஒரு நிரல் வேணும். தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்குவது மாதிரியான வேலை. 'பூட்' என்ற சொல்லே அந்தச் சப்பாத்து வாரில் இருந்து வந்ததுதான். இதைச் சமாளிக்க வேலையைப் பல கைகளுக்குப் பிரித்திருக்கிறார்கள். பவர் பட்டனை அமத்தியதும் மதர்போர்டில் எழுதப்பட்டிருக்கிற சிறு நிரல் எழும்புகிறது. பழைய மெஷின்களில் அதற்குப் பெயர் பயோஸ், பிந்தியவற்றில் யு.ஈ.எஃப்.ஐ. அது றாம், விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு சிறு பகுதிக்குள் இருக்கும் தொடக்க நிரலைத் தேடுகிறது. லினக்ஸில் அந்தத் தொடக்க நிரல் பெரும்பாலும் 'கிரப்'. கிரப் கேர்னலைக் கூப்பிடுகிறது. கேர்னல் பிரதான டிஸ்க் பகுதியைத் திறக்கிறது. அதற்குப் பிறகு சேவைகள் ஒவ்வொன்றாக எழும்பி, கடைசியில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற திரை வருகிறது.

அஞ்சலோட்டம் மாதிரி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் மாறிக்கொண்டே போகிறது. திறக்காத லப்டொப் என்பது ஏதோ ஒரு கைமாற்றத்தில் கோல் விழுந்த லப்டொப். எந்த இடத்தில் விழுந்தது என்று தெரிந்தால் மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிடலாம்.

இதை நாங்கள் படித்தது எங்களில் புவியியல் படிக்கிறவளின் லப்டொப்பில். அவளுடைய இறுதியாண்டு ஆய்வு கரைவலைத் தொழில் பற்றியது. சம்மாட்டிமார், வலை இழுக்கிறவர்கள், கருவாடு போடுகிற அம்மாக்கள் என்று 14 பேருடைய நேர்காணல்கள், ஒலியும் ஒளியுமாக 30 ஜீபிக்கு மேல். ஒவ்வொரு கள நாளும் முடிய, போனில் இருந்து லப்டொப்புக்கு மாற்றி, போனைக் காலியாக்கினால்தான் அடுத்த நாள் பதிவு செய்யலாம். எழுதிய அத்தியாயங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தன. 30 ஜீபியை ஏற்ற எங்கள் டேட்டா எந்த மூலைக்கு? பதிவுகள் எல்லாம் 'டீ' பகுதியில் இருந்தன. 'சீ' பகுதியையும் அதோடு ஒட்டி இருந்த சிறு பகுதிகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மின்ட்டைப் போட்டோம். டீ பகுதியைத் தொடவில்லை. நிறுவல் முடிந்தது என்று செய்தியும் வந்தது. ரீஸ்டார்ட். கம்பனியின் சின்னம். பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரே ஒரு வரி: தொடங்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை.

அவள் ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் போய் இருந்துவிட்டாள்.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் அந்த வரியைப் பார்த்தார். "ஹாட் டிஸ்க் அடிச்சுப்போட்டுது தங்கச்சி. ஃபோமற் பண்ணி வின்டோஸ் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ" என்றார். உள்ளே இருக்கிறதை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "அது சொல்லேலாது" என்றார். லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த வரியை மறுபடி வாசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. டிஸ்க் இல்லை என்று அது சொல்லவில்லை. 'தொடங்கக்கூடிய' ஒன்று இல்லை என்றுதான் சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை. மதர்போர்டு விழித்திருக்கிறது, அடுத்தவரைத் தேடியிருக்கிறது, காணவில்லை. அப்படியென்றால் கோல் விழுந்தது முதலாவது கைமாற்றத்தில். டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

இன்ஸ்டோல் பண்ணிய அதே பென்ட்ரைவைக் குத்தி, அதிலிருந்தே லப்டொப்பைத் தொடங்கினோம். லினக்ஸ் பென்ட்ரைவுகளில் இந்த வசதி இருக்கிறது. டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென்ட்ரைவில் இருந்தபடியே முழு இயங்குதளமும் ஓடும். கோப்புகளைத் திறந்தோம். டீ பகுதி இருந்தது. 14 கோப்புறைகளும் இருந்தன. ஒன்றைத் திறந்தாள். சோழகத்துக்கு எந்த மீன், கொண்டலுக்கு எந்த மீன் என்று ஒரு அப்பு சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் கடல் இரைகிற சத்தம். அந்த அப்பு அந்த வருடம் ஆடி மாதமே காலமாகிவிட்டார். மறுபடி போய்க் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. மற்ற வேலை எதையும் தொடாமல் முதலில் எல்லாவற்றையும் இன்னொருத்தியின் லப்டொப்புக்கு மாற்றினோம். மாற்றி முடிய இரவு பதினொரு மணி.

பிறகுதான் திருத்த வேலை. சில மடிக்கணினிகளின் யு.ஈ.எஃப்.ஐ. புதிதாக வந்த தொடக்க நிரலைத் தானாக நம்பாது. உள்ளே போய், இந்தக் கோப்பை நம்பு என்று நாங்கள்தான் காட்டவேணும். தொடங்கும்போது எஃப் 2 விசையை அமத்தினால் அமைப்புத் திரை வரும். (சிலதில் எஃப் 10, சிலதில் டிலீட்.) அதில் நம்பகமான கோப்பைத் தெரிவு செய்கிற வரி இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில், அமத்த முடியாமல். அதே திரையில் நிர்வாகிக் கடவுச்சொல் ஒன்றைப் போட்டதும் வரி உயிர்பெற்றது. உள்ளே போனால் 'உபுண்டு' என்ற பெயரில் ஒரு கோப்புறை. நாங்கள் போட்டது மின்ட், இது ஏன் உபுண்டு? மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது, அதனால் கோப்புறைக்கும் அந்தப் பெயர்தான். அதற்குள் இருந்த 'ஷிம்' என்ற கோப்பைக் காட்டிக் கொடுத்து, சேமித்து, ரீஸ்டார்ட் பண்ணினோம். பச்சை இலைச் சின்னம் வந்தது. மொத்தமாகப் பத்து நிமிட வேலை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு லப்டொப்பும் ஒவ்வொரு இடத்தில் நின்றிருந்தது.

கிரப் வருகிறது, ஆனால் 'மீட்பு' என்று எழுதிவிட்டுக் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கிரப்பின் முதற் துண்டு எழும்பிவிட்டது, மிச்சத் துண்டு இருக்கிற பகுதியை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிஸ்க் பகுதிகளை அழித்தோ நகர்த்தியோ இருந்தால் இப்படி வரும். மின்ட் பென்ட்ரைவில் இருந்து தொடங்கினால் அதன் மெனுவிலேயே 'பூட் றிப்பெயார்' என்ற கருவி இருக்கிறது. பெரும்பாலும் அதுவே சரிப்படுத்திவிடும்.

கிரப் மெனு வருகிறது, தெரிவு செய்ததும் திரை கறுக்கிறது. இங்கே பலர் பயந்து பட்டனை அமத்திப்பிடித்து நிறுத்திவிடுவார்கள். கிரப் தன் வேலையை முடித்துவிட்டது, கேர்னலும் ஓடிக்கொண்டிருக்கலாம். படம் காட்டுகிற கிராபிக்ஸ் பகுதியோடுதான் பெரும்பாலும் பிணக்கு. கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' எழுத்தை அமத்தினால் தொடக்கக் கட்டளைகள் தெரியும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செற்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப் 10 அமத்தவேணும். அந்தச் சொல்லின் பொருள், கிராபிக்ஸில் உன் கெட்டித்தனத்தைக் காட்டாதே, சும்மா படத்தை மட்டும் காட்டு என்பது. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போட்டால் அடுத்த தடவை இந்தச் சொல் தேவைப்படாது.

டிரைவர் போட்ட பிறகு வரும் நீலத் திரையையும் சொல்லவேணும். செக்கியூர் பூட் இயங்குகிற லப்டொப்பில் சில டிரைவர்களைப் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை வந்து, பத்து விநாடிக்குள் ஒரு விசையை அமத்தச் சொல்லும். வைரஸ் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தன்பாட்டில் போய்விடும், டிரைவரும் வேலை செய்யாது. விசையை அமத்தி, சாவியைப் பதிகிற தெரிவுக்குப் போய், முதல் கொடுத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால் சரி.

இன்னொன்று, கேர்னல் எழும்பி, பிரதான பகுதியைத் திறக்க முடியாமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு நிற்பது. மின்வெட்டுக்கு அடிபட்ட டெஸ்க்டொப்புகளில் இதைக் கண்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க்கின் கணக்குப் பிழைக்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்த நாட்டில் இது புதினமில்லை. கவனித்துப் பார்த்தால் அந்தச் செய்தியே மருந்தையும் சொல்கிறது: முரண்பாடு இருக்கிறது, இந்தப் பரிசோதனைக் கட்டளையைக் கையால் ஓட்டு. எந்தப் பகுதி என்பதையும் அதற்கு மேலே எழுதியிருக்கும். பலர் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரைத் தேடுகிறார்கள். ஆனால் டிஸ்க் கிறீச்சிட்டாலோ டக் டக் என்று அடித்தாலோ பரிசோதனையை விட்டுவிட்டு முதலில் கோப்புகளை மாற்றுங்கள்.

தொடங்கும்போது ஒரு வரி ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டு நின்று, பிறகு அவசர நிலை என்று வந்தால், இயங்குதளம் தன் பட்டியலில் இருக்கிற ஒரு டிஸ்க் பகுதியைக் காணாமல் காத்திருந்திருக்கிறது என்று பொருள். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு திரும்பவும் கடவுச்சொல் திரைக்கே வந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

வின்டோஸையும் லினக்ஸையும் ஒரே லப்டொப்பில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிசயம் நடக்கும். எல்லாம் ஒழுங்காகத் தொடங்கும், மணிக்கூடு மட்டும் ஐந்தரை மணித்தியாலம் பிழைக்கும். மதர்போர்டில் ஒரு சின்ன மணிக்கூடு இருக்கிறது. வின்டோஸ் அதில் எங்கள் நாட்டு நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று நினைத்து, இலங்கைக்குரிய ஐந்தரையைக் கூட்டும். பழுது ஒன்றுமில்லை, இரண்டு பேரும் ஒரு மணிக்கூட்டை இரண்டு விதமாக வாசிக்கிறார்கள். லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்து, இதை உள்நாட்டு நேரமாகவே வாசி என்றால் சண்டை தீரும்.

இதைத் தேடும்போதுதான் லினக்ஸோடு வருகிற உலக நேர வலயத் தரவுகள் கண்ணில் பட்டன. 'ஆசியா, கொழும்பு' என்ற பெயரின் கீழ் எங்கள் நாட்டின் நேர மாற்றங்கள் திகதியோடு இருக்கின்றன. 1996 மே 25இல் ஆறரை. அதே வருடம் ஒக்டோபர் 26இல் ஆறு. 2006 ஏப்ரல் 15இல் மறுபடி ஐந்தரை. அந்தத் தரவின் மூலக் கோப்பில் இருக்கும் குறிப்பொன்றில், புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே இருந்தார்கள் என்ற செய்தியும் உண்டு. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுத்தான் அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கும் கலியாணத்துக்கும் போனது என்று அம்மாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நாங்கள் பிறந்தது அந்தப் பத்து வருடத்துக்குள்தான். ஒரே தீவில் இரண்டு மணிக்கூடு ஓடிய கதை எல்லா லினக்ஸ் கணினிக்குப் பின்னாலும் ஒரு குறிப்பாக இருக்கிறது என்பதை வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு மணிக்கூட்டுப் பிழைதான் காட்டித் தந்தது.

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு உது எதுக்கு?" என்று கம்பஸில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலையில் பெரும்பகுதி வாசிப்புத்தான். சிதைந்த கல்வெட்டில் எந்த எழுத்துவரை தெளிவாக இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். திரையில் நின்றுபோன கடைசி வரியையும் அப்படித்தான் வாசிக்கிறோம். ஆங்கிலம் ஒரு தடைதான், அதை மறைக்கவில்லை. தன்னார்வலர்களின் உழைப்பால் லினக்ஸின் மெனுக்களைத் தமிழிலும் பார்க்கலாம். ஆனால் தொடக்கத்தில் வரும் பிழைச் செய்திகள் ஆங்கிலம்தான். தமிழ் மொழிமூலம் படித்து வந்த ஒரு பிள்ளைக்குக் கறுப்புத் திரையில் பத்து ஆங்கிலச் சொல் என்பது ஏச்சு மாதிரித்தான் கேட்கும். அதனால் வாசிக்காமலே பட்டனை அமத்திவிடுகிறது. நாங்கள் செய்வது, போனில் ஒரு படம் எடுத்து, தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு, சொல் சொல்லாகப் பிரிப்பது. எது இல்லை என்கிறது? எதைத் தேடியது? என்ன செய்யச் சொல்கிறது? இந்த மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும்.

கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பல லப்டொப் பார்க்கிற ஒருவருக்கு ஃபோமற் பண்ணுவது விரைவான வழி. ஆனால் உள்ளே இருக்கிறது ஒரு அப்புவின் குரலா, பழைய படங்களா என்று அவருக்குத் தெரியாது. அது எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஃபோமற் என்பது கடைசிப் படி.

மாற்ற நினைக்கிறவர்களுக்கு நாலு விஷயம். முதலாவது, போடுவதற்கு முன் பென்ட்ரைவில் இருந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, வின்டோஸையும் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பிட்லொக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்துக் கொப்பியில் எழுதிவையுங்கள். செக்கியூர் பூட்டில் கைவைத்தால் அந்தச் சாவியைக் கேட்கலாம். மூன்றாவது, வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் வின்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், அதன் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம். நாலாவது, வேலை முடிந்ததும் அந்தப் பென்ட்ரைவில் படம் ஏற்றக் கேட்டு யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். ஒரு கடதாசித் துண்டில் 'மின்ட்' என்று எழுதி ஒட்டி, மேசை லாச்சிக்குள் போட்டுவையுங்கள்.